தலைகீழாய் நிற்க வேண்டிய சன்னம்

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நேரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கிய வட்டக் கடிகாரம் எப்போதும் ஐந்து நிமிடம் பிந்தி ஓடும். அதில் பத்து முப்பத்தைந்து. நிலவறையிலிருந்து நான் எடுத்து வந்து வைத்த மண்ணிறப் பெட்டியை ஒரு வாடிக்கையாளர் திறந்தார். உள்ளே இருந்த அச்சை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். "இது என்னுடையது அல்ல. நான் கேட்டது கூர் உள்ளது. இது தட்டை" என்றார். கோபப்படவில்லை. பெட்டியைப் பண்பாக என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றத் தொடங்கினார், காத்திருக்கத் தயாரானவர் போல.

அந்த அச்சு இப்போது என் மேசையில் இருக்கிறது. பார்க்கிறவர்கள் பாக்குவெட்டி என்றுதான் நினைப்பார்கள். இரண்டு மரப்பிடி, நுனியில் இரண்டு இரும்புக் கட்டை. பிடியை அகட்டினால் கட்டை பிளக்கும், நெருக்கினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கட்டைக்குள் ஒரு சிறிய குழி. உருக்கிய ஈயத்தை அதில் வார்த்தால் துவக்குத் தோட்டாவின் தலையில் பொருத்தும் ஒரு சன்னம் கிடைக்கும். என் சின்னிவிரல் நுனியளவு குழி. அதன் அடி தட்டையா கூரா என்பதுதான் அன்றைக்கு என் உலகம் முழுவதும்.

பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பலில், ஃபொபூர் சேன்-தெனித் தெரு வடக்கே முடியும் இடத்துக்குக் கிட்ட, வேட்டைச் சாமானும் மீன்பிடிச் சாமானும் விற்கும் ஒரு பழைய கடை அது. எங்கள் ஆட்கள் கறிவேப்பிலையும் ஒடியல்மாவும் விற்கத் தொடங்கியிருந்த எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். இங்கே நிலவறையில் பெட்டிகளை அடுக்கி, சீட்டு ஒட்டி, கேட்ட சாமானை மேலே கொண்டு வந்து கொடுப்பவன். கடை முதலாளி ஐம்பது வயது தாண்டிய பிரெஞ்சு விதவை, எல்லாருக்கும் மதாம். அவரிடம் எனக்கு வேலை வாங்கித் தந்தவர்தான் அஜுதான்.

அஜுதான் என்பது பிரெஞ்சுப் படையில் அவர் ஓய்வு பெற்ற பதவி. புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், கத்தோலிக்கர். இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் சுட்டவர், சுடப்பட்டவர். புறநகரான பொண்டியில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்தெருவில் ஒரு சிறிய தனி வீடு. அவருடைய பேத்தியும் என் மகளும் ஒரே வகுப்பு, அப்படித்தான் பழக்கம். வதிவிட அனுமதி தரும் பிரெஃபெக்துரில் நான்கு மணி நேரம் என்னோடு வரிசையில் நின்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் என் கதையை ஒரு சொல் பிசகாமல் பிரெஞ்சில் சொல்லி, என் கையில் தற்காலிக வதிவிடச் சீட்டு விழும்வரை போகாமல் இருந்தவர். என்னை அவர் 'வாத்தியாரே' என்பார். 'ஆம்' என்பதற்கு எங்கள் வழக்கப்படி நான் 'ஓம் ஐயா' என்றால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "ஓம்னு ஆரம்பிச்சிட்டீங்க, மந்திரத்தையும் சொல்லி முடிச்சிடுங்க வாத்தியாரே. நா கிறிஸ்தவன், கேட்டுக்கிட்டு நிக்கிறேன்" என்பார். எத்தனை தரம் சொன்னாலும் தானே முதலில் சிரிப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஒரே ஆசை, ஒரு துவக்கு. விசைக்குக் கீழே உள்ள இரும்பு வளையத்தை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் அடுத்த தோட்டா தானாக ஏறும், அந்த வகை. அனுமதிச் சீட்டோடு வாங்கினார். கடைத் தோட்டா தனக்குப் பிடிக்காது, சன்னத்தை வார்த்துத்தான் சுடுவேன் என்றார். அதற்காக அச்சுத் தெரிவு செய்ய வந்த நாளை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். மதாம் மேசைக்கண்ணாடியின் மேல் பச்சைத் துணி விரித்து மூன்று மாதிரிச் சன்னங்களை வைத்தார். ஒன்று கூர், ஒன்று உருண்டை, ஒன்று தட்டை. அஜுதான் மூன்றையும் பெருவிரலால் தடவி, கூரானதில் கையை வைத்தார். நாற்பது வருடம் கூரான சன்னம்தான் சுட்டேன், என் கைக்கு அதுதான் தெரியும் என்றார்.

மதாம் மறுத்துப் பேசவில்லை. பின்பக்கம் அழிறப்பர் வைத்த மூன்று பென்சில்களை எடுத்துக் கூராகச் சீவினார். பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒன்றின் பின்னால் ஒன்றாக அவற்றை உள்ளே நுழைத்தார். குழாயின் அடியை மேசையில் ஓங்கிக் குத்தினார். பிறகு வெளியே எடுத்துக் காட்டினார்: பின்னால் இருந்த ஒவ்வொரு பென்சிலின் கூரும் தனக்கு முன்னால் இருந்ததன் அழிறப்பரில் குழி போட்டிருந்தது. "உங்கள் படைத் துவக்கில் தோட்டாக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன, மிஸ்யோ. இதில் குழலுக்குக் கீழே ஒரு குழாய்க்குள் வரிசையாக நிற்கின்றன. ஒன்றின் மூக்கு மற்றதன் முதுகில். முதுகில்தான் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொட்டு இருக்கிறது. சுடும்போது துவக்கு உதைக்கும். அப்போது கூர் என்ன செய்யும்?" அவர் இடது கையைத் தூக்கி, குழாயைத் தாங்கும் இடத்தில் விரித்துக் காட்டினார். அந்தக் கை அங்கே இருக்காது என்று சொல்லாமலே விளங்கியது. பக்கத்தில் நிற்கிறவர்களும் அங்கே இருக்கமாட்டார்கள்.

அஜுதான் கூரானதிலிருந்து கையை எடுத்தார். பிறகு தட்டையான சன்னத்தைப் பெருவிரலால் தடவி எடுத்து, கண்ணாடி மேல் தலைகீழாக நிறுத்தினார். அது நின்றது. கூரானதை நிறுத்தினார், விழுந்தது. "பாத்தீங்களா வாத்தியாரே. சிப்பாய்னா தலைகீழா நில்லுடான்னா நிக்கணும். நிக்கிறவன்தான் எனக்கு வேணும்" என்றார். அதன் பிறகு எந்தச் சன்னத்தைக் கையில் எடுத்தாலும் அப்படி நிறுத்திப் பார்ப்பது அவர் வழக்கமானது. தெரிவு முடிந்தது. மதாம் பதிவெழுதப் போனார்.

அந்த நேரம்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். அஜுதான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. மூன்று சன்னங்களையும் பெருவிரலால்தான் பிரித்தார். விலைத்தாளை என்னிடம் நீட்டி, "இலக்கத்தைச் சத்தமாப் படிங்க, உங்க பிரெஞ்சு எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததை அவர் உணர்ந்திருக்க வேண்டும். கதவு வரை வழியனுப்பப் போனபோது மெல்லிய குரலில், "கண்ணுல கொஞ்சம் மூடுபனி, அவ்வளவுதான். மதாமுக்கு வேணாம். சுடுற கிளப்புக்குத் தெரிஞ்சா துப்பாக்கிய வாங்கி வெச்சிடுவாங்க" என்றார். நான் "ஓம் ஐயா" என்றேன். அந்த ஒரு முறை அவர் மந்திரத்தைக் கேட்கவில்லை.

எனக்கு அவர் செய்ததற்கு நான் திருப்பிச் செய்யக்கூடிய ஒரே காரியம் அந்த மௌனம் என்று நினைத்தேன். இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை அச்சு வந்தது. அதே பொதியில் இன்னொருவருக்கும் ஓர் அச்சு. அவருடையது ஒரு நேரத்தில் ஒரே தோட்டா போடும் பழைய துவக்கு. அதற்குக் கூர் இருந்தாலும் ஆபத்தில்லை. இரண்டு பெட்டியும் ஒரே நிறம், ஒரே பருமன், மூடியில் ஒரே விட்ட அளவு. கடைசியில் வரும் ஓர் எழுத்து மட்டும் வேறு. நான் இலக்கத்தைப் பார்த்தேன், எழுத்தைப் பார்க்கவில்லை. கடையில் மதாமின் கட்டளை ஒன்று உண்டு: எந்தப் பெட்டியானாலும் வாடிக்கையாளர் முன்னே திறந்து காட்டு, அவர் பார்த்துத் தலையாட்டிய பிறகு கட்டு. அன்றைக்குக் கடை நிறைய ஆட்கள். திறந்து காட்டினால் அவர் குனிந்து தடவ வேண்டும். எல்லாரும் பார்ப்பார்கள், மதாமும் பார்ப்பார். அந்த மனிதரை அப்படி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. திறக்காமலே காகிதத்தில் சுற்றி, நூல் போட்டுக் கொடுத்தேன். அவரும் திறக்கச் சொல்லவில்லை. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினார்.

அப்போது என் சப்பாத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்ததைக் கண்டேன். அவர் பெயரின் முதலெழுத்தை நானே எழுதிப் பெட்டியில் ஒட்டிய சீட்டு. இரண்டு பெட்டியில் எதிலிருந்து கழன்று விழுந்தது? கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தேன். ஒரு பிரெஞ்சுக்காரன் அந்த இடத்தில் நின்றிருந்தால் தெரு அதிரக் கத்தியிருப்பான். நான் கத்தவில்லை. படியிறங்கிவிட்ட மனிதரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. போகிற காரியம் கெட்டுப்போகும். நான் அறிவியல் படித்தவன், படிப்பித்தவன்; ஆனாலும் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒருவரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. இழுத்த மூச்சை அப்படியே விட்டேன். அவர் தெருமுனையில் ஒரு கணம் நின்றதைக் கண்டேன். பாதை கடக்க நிற்கிறார் என்று நினைத்தேன்.

பிறகு நிலவறைக்குப் போய் மற்றப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. மறந்துபோனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. பார்க்கப் பயந்தேன். பார்த்துப் பிழை என்று தெரிந்தால் மதாமுக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் திறந்து காட்டவில்லை என்று கேட்பார். வேலை போனால் என் வதிவிட விண்ணப்பத்தில் வைத்த வேலைக் கடிதமும் போகும். அடுத்த நாள் பொண்டிச் சந்தையில் அஜுதானைக் கண்டேன். கத்தரிக்காயை முகர்ந்து கொண்டு நின்றார். அச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன். அப்படிப் பதினொரு நாள்.

பதினோராம் நாள்தான் அந்தப் புதன்கிழமை. புதன்கிழமைகளில் இங்கே பள்ளிக்கூடம் இல்லை. அஜுதான் தன் பேத்தியை வெளியே கூட்டிப்போகிறார் என்றும் தானும் போகலாமா என்றும் மகள் முதல்நாள் இரவு கேட்டிருந்தாள். நான்தான் ஓம் என்றேன்.

"இது தட்டை" என்று வாடிக்கையாளர் சொன்னபோது நான் மூடியின் கடைசி எழுத்தைப் பார்த்தேன். தட்டை இங்கே இருந்தால் கூர் அங்கே. மதாம் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தொலைபேசியை என் முன்னே தள்ளினார்.

அஜுதானின் மனைவிதான் எடுத்தார். அவரை நான் அம்மா என்றுதான் கூப்பிடுவது. "ஒம்போது மணிக்கே கெளம்பிட்டாங்க தம்பி. பொண்ணுங்க ரெண்டும் கூடத்தான். அந்த மொட்டத்தலை கப்ரல் காரு எடுத்துட்டு வந்தாரு." கப்ரல் என்பது அஜுதானின் பழைய படைத் தோழர் ஒரு பிரெஞ்சுக்காரர். அம்மாவுக்கு அவருடைய பதவியும் மொட்டையும்தான் தெரியும், பெயர் தெரியாது.

"துவக்கும் கொண்டு போனவரோ அம்மா?"

"அது இல்லாம போவாரா?"

"எங்கை போறது எண்டு சொன்னவரோ?"

"வாசல்ல எறங்குற ஆம்பளைய எங்க போறீங்கன்னு எப்பிடித் தம்பி கேக்குறது? இந்தோசீனுக்குக் கெளம்பினப்பவே நா கேக்கல."

அடுத்து எங்கள் மாடியில் பக்கத்து வீட்டுக்காரியின் தொலைபேசிக்கு எடுத்து, மனைவியைக் கூப்பிடச் சொன்னேன். அவளும் மகளிடம் எங்கே என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதால் எங்கள் ஊரில் கேட்கும் விதத்தில் கேட்டிருக்கிறாள். "'தூரவோ பிள்ளை?' எண்டு கேட்டனான். 'பா லுவான், மமான்' எண்டு சொல்லிப்போட்டு ஓடிட்டாள். ஏனப்பா? என்ன நடந்தது? உங்கடை குரல் ஏன் இப்பிடிக் கிடக்கு?"

பா லுவான். தூரமில்லை. அவ்வளவுதான் இந்த உலகத்தில் எங்களுக்குத் தெரிந்தது.

மதாம் தனக்குத் தெரிந்த கிளப்புகளுக்கு ஒவ்வொன்றாக எடுத்தார். அஜுதானின் கிளப் புதன்கிழமை பூட்டு. இன்னொன்றில் மொட்டைத்தலையோடு ஒருவரும் வரவில்லை. வேறொன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ரிசீவரை வைக்காமலே என் பக்கம் திரும்பினார். "நான் ஜாந்தார்ம் பொலிசைக் கூப்பிடுகிறேன். எந்த ஊர் என்று கேட்பார்கள். என்ன சொல்ல?"

"தெரியாது, மதாம்."

"எந்தத் திசை?"

"தெரியாது."

"உன் மகள் ஒரு துவக்கோடு காரில் ஏறிப் போகிறாள். வீட்டில் இரண்டு தாய்மார் வாசலில் நிற்கிறார்கள். எங்கே என்று ஒருவருமே கேட்கவில்லையா?"

அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை, உண்மையான திகைப்பு. நான் என் பிரெஞ்சில் விளக்க முயன்றேன். எங்களில் அப்படிக் கேட்பதில்லை, போகிறவருக்குக் கூடாது என்றேன். சொல்லும்போதே அந்தச் சொற்கள் என் வாயில் உமிபோல வறண்டன. அவர் தலையை அசைத்தார். விளங்கியதற்கான அசைவு அல்ல. "போ, வீட்டுக்குப் போ. நான் எடுத்துக்கொண்டே இருக்கிறேன்" என்றார்.

ஃபொபூர் சேன்-தெனித் தெரு வழியே கார் து லெஸ்ட் ரயில் நிலையத்துக்கு ஓடினேன். மரக்கறிப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், "அண்ணை, என்ன, பொலிசே துரத்துது?" என்று பகிடி விட்டார். நான் நிற்கவில்லை. அவரும் எங்கே ஓடுகிறாய் என்று கேட்கவில்லை. கேட்கமாட்டார். ரயிலில் இருக்க முடியாமல் கதவோரம் நின்றேன். ஒவ்வொரு நிலையத்திலும் கதவு அடித்துச் சாத்தும் சத்தத்துக்கு என் உடம்பு தூக்கிப்போட்டது. உதை, அழுத்தம், மூடிய குழாய். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அதே விதிகள். ஒன்று வெடித்தால் அடுத்ததும் வெடிக்குமா? குழாய் எந்தப் பக்கம் பிளக்கும்? அஜுதான் பிள்ளைகளை எப்போதும் தன் இடது பக்கம் நிறுத்துவார், வெற்றுக் கோது வலது பக்கம் தெறிக்கும் என்பதால். அவ்வளவு கவனமான மனிதர். அந்தக் கவனமே என் பிள்ளையைக் குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

அஜுதான் வீட்டில் எனக்கு முன்னரே என் மனைவி வந்திருந்தாள். காலைப் பலகாரம் தட்டில் வைத்தபடி ஆறிக் கிடந்தது. அம்மா மாதா படத்துக்கு முன் மெழுகுதிரி ஏற்றிவிட்டு, திரியை நிமிர்த்துவதும் விடுவதுமாக நின்றார். கார்க்கொட்டகைக்குள் போய் எதையாவது தேடலாம் என்று நினைத்தேன்: ஒரு வரைபடம், ஒரு முகவரி, ஒரு துண்டுக் காகிதம். ஈயம் உருக்கும் அடுப்பு தூசு படிந்து கிடந்தது. சட்டியில் புதிதாக ஒன்றும் உருகிய அடையாளம் இல்லை. ஒரு கணம் நம்பிக்கை வந்தது. "அம்மா, அவர் இன்னும் சன்னம் வாக்கேல்லையோ?"

"புகை ஒத்துக்கலைன்னு அச்ச கப்ரல் கிட்டக் குடுத்துட்டாரு தம்பி. அவருதான் அவரு வீட்டுல ஈயத்த ஊத்தி, தோட்டா கட்டி எடுத்தாறேன்னாரு."

புகை அல்ல. கண். அவர் அந்தச் சன்னங்களைக் கையால் தொட்டே பார்க்கவில்லை. தொட்டிருந்தால் பெருவிரல் சொல்லியிருக்கும். என்னிடம் மிச்சமிருந்த கடைசிக் கயிறும் அறுந்தது.

மனைவி என்னைச் சத்தம் போட்டுத் திட்டவில்லை. அதை நான் தாங்கியிருப்பேன். கதிரையில் நிமிர்ந்து இருந்து, சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு, ஒன்றொன்றாகக் கேட்டாள். "சீட்டு விழுந்ததைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"கண்டிட்டும் கூப்பிடேல்லை."

"கூப்பிடக் கூடாதெண்டு..."

"பிறகு பெட்டியைத் திறந்து பாக்கிறதுக்கும் ஏதும் தோசமோ?"

அவள் எழுந்து யன்னலுக்குப் போனாள். "செல்லடிக்குள்ளாலை அவளைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தனான். இஞ்சை வந்து..." அம்மா போய் அவள் தோளில் கை வைத்தார். பிறகு திடீரென்று, "நானாவது கேட்டிருக்கணும். முப்பத்தஞ்சு வருஷம் கேக்காம இருந்து என்னத்தக் காப்பாத்துனேன்? ரெண்டு தடவ தோள்ல குண்டோடதான் வந்தாரு" என்றார். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

ஒரு மணி. இரண்டு. மதாம் இரண்டு தரம் எடுத்தார், ஒன்றுமில்லை. தொலைபேசி அடிக்கும்போது மூவரில் யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் பிரெஞ்சு விளங்க வேண்டும் என்பதால் நான்தான் எடுத்தேன். மூன்று மணிக்குப் பிறகு நான் கடவுளோடு பேரம் பேசத் தொடங்கினேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லாமல் அவருக்கு மட்டும் கை போனால் என்று ஒரு நினைவு வந்தது. அந்த நினைவை நான் உடனே தள்ளவில்லை. எனக்காக நான்கு மணி நேரம் வரிசையில் நின்ற மனிதரின் கையை நான் மனதுக்குள் கொடுத்துவிட்டேன். இதை இதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை.

அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. மகளுக்கு இப்போது பதினாறு வயது. இப்போது நான் கேட்கிறேன். அவள் சப்பாத்துக் கயிறு கட்டும்போதே எங்கை, ஆரோடை, எந்த ரயில், எத்தினை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்கிறேன். மனைவிக்கு ஒவ்வொரு முறையும் முகம் சுருங்கும், பழக்கம் போகாது. மகள் படியில் பாதி இறங்கிய பிறகும் பின்னாலிருந்து கூப்பிடுகிறேன், சில நாளில் இரண்டு தரம். "ஊரிலை கூடாது எண்டு சொன்ன எல்லாத்தையும் நீங்களே ஒண்டொண்டா முறிச்சுப்போட்டீங்கள், பப்பா" என்று பாதி பிரெஞ்சில் சிரிக்கிறாள். ஆனால் நின்று திரும்பிப் பார்க்கிறாள். அது எனக்குப் போதும். புதன்கிழமை காலைகளில் பத்து நாற்பது ஆகும்போது இன்னமும் தொலைபேசியைப் பார்க்கிறேன். அஜுதான் போன மாரிக்காலத்தில் காலமானார். கண் சத்திரசிகிச்சை செய்து, என் முகத்தை முதல்முறை சரியாகப் பார்த்தபோது, "இவ்வளவு கறுப்பா வாத்தியாரே நீங்க?" என்றவர். துவக்கை அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாளே தானாகப் போய் மதாமிடம் விற்கக் கொடுத்துவிட்டார். கூரான அச்சு அதன் உரியவருக்குப் போனது. தட்டையானதை அஜுதான் வாங்க மறுத்துவிட்டார். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

அந்தப் புதன்கிழமை பின்னேரம் நாலே முக்காலுக்குக் கார் சத்தம் கேட்டது. அம்மா கதவைத் திறக்கும் முன்னே என் மனைவி படலையில் நின்றாள். முதலில் பேத்தி இறங்கினாள். பிறகு என் மகள், முழங்கால் வரை சேறு, கையில் ஒரு பை நிறையக் காட்டு ஷத்தேஞ் கொட்டைகள். சிரித்துக்கொண்டு வந்தவள் எங்கள் முகங்களைக் கண்டதும் நின்றாள். மனைவி அவளுடைய கைகளைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். "என்னம்மா? ஒண்டும் நடக்கேல்லை. சுடவே இல்லை" என்றாள் மகள். பிறகு பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னாள். காட்டோரம் ஒரு வெளியில் கார் நின்றதாம். அஜுதான் தோட்டாக்களை வாங்கி, வழக்கம்போல முதல் தோட்டாவைக் கார் மூடியின் மேல் தலைகீழாக நிறுத்தினாராம். விழுந்ததாம். தன் கை நடுங்குகிறது என்று நினைத்து மறுபடி நிறுத்தினாராம். மறுபடி விழுந்ததாம். கப்ரல், அச்சில் வந்ததைத்தான் வார்த்தேன், தெரிவு செய்தவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன் என்றாராம். அஜுதான் பெருவிரலால் தடவிவிட்டு, என் மகளைக் கூப்பிட்டு, "எனக்குச் சரியாத் தெரியல கண்ணு, பாத்துச் சொல்லு" என்று கேட்டாராம். "கூர்" என்றாளாம் அவள். அதோடு துவக்கை உறையில் போட்டுக் கட்டிவிட்டு, நாலு பேரும் கொட்டை பொறுக்கப் போனார்களாம்.

கடைசியாக அஜுதான் இறங்கினார். ஒரு கையால் காரின் பக்கத்தைத் தடவியபடி வந்தார். அதை மறைக்க அன்று அவர் முயலவில்லை. கப்ரல் காரில் கொண்டு வந்திருந்த அச்சின் மண்ணிறப் பெட்டியை என் முன்னே நீட்டினார். நான் கைகூப்பவோ காலில் விழவோ தெரியாமல் நின்றேன். "ஐயா, நான்தான்... என்னாலைதான்..." என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தெரியும் வாத்தியாரே. அன்னைக்கு நா படி எறங்கினப்ப, நீங்க மூச்ச இழுத்தது எனக்குக் கேட்டுச்சு. கண்ணு போனவனுக்குக் காது கூர்மை. கூப்பிடப் போறீங்கன்னுதான் தெருமுனையில நின்னேன். நீங்க கூப்புடல." பெட்டியை என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடினார். "நானும் திரும்பல. கெளம்பினவன் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு எனக்கும் சொல்லித்தான வளத்திருக்காங்க."